சார்ஜரும் கேபிளும் வாங்கும் முன்: வட சென்னை வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வட சென்னையில் பல வீடுகளில் ஹாலில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட்தான் இருக்கும். அதில் ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதில் வீட்டிலுள்ள எல்லோருடைய போனும் தொங்கும். அப்பா போனோடு வந்த சார்ஜர் மகளிடம் இருக்கும், மகளின் கேபிள் பாட்டியிடம் போயிருக்கும். எது எந்த போனோடு வந்தது என்று யாருக்கும் நினைவிருக்காது. 2020இல் ஐபோன் 12 வந்ததிலிருந்து பெட்டிக்குள் சார்ஜர் வைப்பதைச் சில நிறுவனங்கள் நிறுத்திவிட்டன. அதனால் தனியாகத் தேடி வாங்கும் வேலையும் நம் தலையில் விழுந்திருக்கிறது.

கடையில் நாம் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை வாட்?" என்பதுதான். அதைக் கடைசியாகக் கேளுங்கள் என்பேன். சுவரில் இருப்பது 230 வோல்ட். அதற்கும் உங்கள் கைக்கும் நடுவே நிற்பது தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய அந்தப் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றுதான். அந்தப் பெட்டி உங்களைக் காப்பாற்றுமா என்பது முதல் கேள்வி. கேபிள் அந்தக் கரண்டைச் சூடாகாமல் கொண்டுபோகுமா என்பது இரண்டாவது. எவ்வளவு சீக்கிரம் ஏறும் என்பது மூன்றாவது. கையில் பணம் குறைவாக இருந்தால் இதே வரிசையில் செலவு செய்யுங்கள். சார்ஜரில் மிச்சம் பிடித்துவிட்டு போன் கவருக்குச் செலவழிக்க வேண்டாம்.

சார்ஜருக்குள் என்ன இருக்கிறது

இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறு மின்சாரத்தைச் சார்ஜர் முதலில் ஏறத்தாழ 325 வோல்ட் நேர் மின்சாரமாக மாற்றுகிறது. அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டிவெட்டி ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மருக்குள் அனுப்புகிறது. மறுபக்கத்தில் 5 வோல்ட், 9 வோல்ட் என்று இறங்கி வருகிறது. இந்த இரண்டு பக்கங்களுக்கும் இடையில் நேரடியாக ஒரு கம்பிகூட ஓடக் கூடாது. சக்தி டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம் வழியாகவும், தகவல் ஓர் ஒளிச் சில்லு வழியாகவும் கடக்கும். போர்டின் மேல் இரண்டு பக்கங்களுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் அகலத்துக்கு இடைவெளி விடுவார்கள். டிரான்ஸ்ஃபார்மர் கம்பிக்கு மூன்றடுக்கு உறை இருக்கும். ஷார்ட் ஆனால் அறுந்துபோக ஒரு ஃபியூஸ் இருக்கும்.

போலிச் சார்ஜரில் குறைக்கப்படுவது இவைதான். இடைவெளி ஒரு மில்லிமீட்டராகச் சுருங்கும், மூன்றடுக்கு உறைக்குப் பதில் வெறும் வார்னிஷ் பூசிய கம்பி, ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு துண்டுக் கம்பி. இத்தனைக்குப் பிறகும் போன் நன்றாகவே சார்ஜ் ஆகும், அதுதான் இதிலுள்ள அபாயம். மழைக்கால ஈரம் உள்ளே இறங்கும் நாளிலோ, வோல்டேஜ் எகிறும் நாளிலோ அந்த ஒரு மில்லிமீட்டரைத் தாண்டி 230 வோல்ட் கேபிள் வழியாக போனுக்கு வந்துவிடும். அப்போது போன் காதில் இருக்கலாம், குழந்தையின் கையிலும் இருக்கலாம்.

2016இல் யூ.எல். என்ற பாதுகாப்புச் சோதனை நிறுவனம் 400 போலி ஆப்பிள் சார்ஜர்களைச் சோதித்தது. மின் அதிர்ச்சியைத் தடுக்கும் அடிப்படைச் சோதனையில் தேறியவை மூன்று மட்டுமே. 2013இல் சீனாவில் சார்ஜில் இருந்த போனில் பேசியவர் மின்சாரம் தாக்கி இறந்ததாகச் செய்தி பரவியதும், வேறு கம்பெனிச் சார்ஜரைக் கொண்டுவந்து கொடுத்தால் குறைந்த விலைக்குத் தன்னுடையதைத் தருவதாக ஆப்பிள் அறிவித்தது.

இங்கே பலர் கேட்கும் ஒரு சந்தேகத்தையும் தீர்த்துவிடலாம். உலோக விளிம்புள்ள போனைச் சார்ஜில் வைத்துத் தடவினால் விரலில் லேசாகச் சொரசொரவென்று ஓர் அதிர்வு தெரியும். நல்ல சார்ஜரிலும் இது வரும். இரண்டு பக்கங்களுக்கும் இடையே மின் இரைச்சலை அடக்க வைத்திருக்கும் சிறப்பு கெபாசிட்டர் வழியாகக் கசியும் மிகச் சிறிய மின்னோட்டம் அது. மில்லி ஆம்பியரில் கால் பங்குக்குள் நிற்கும். ஆனால் சுருக்கென்று குத்தினாலோ, கையைப் பின்னால் இழுக்க வைத்தாலோ அது கசிவுக் கணக்கில் சேராது. ஸ்விட்சை அணைத்து அந்தச் சார்ஜரை அன்றே ஒதுக்கிவிடுங்கள்.

படி 1: உங்கள் போன் எந்த மொழி பேசுகிறது

சார்ஜரும் போனும் முதலில் 5 வோல்ட்டில் தொடங்கும். பிறகு இரண்டும் பேசி வைத்துக்கொண்டு வோல்டேஜையோ ஆம்பியரையோ ஏற்றும். அந்தப் பேச்சு கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஐபோன், பிக்சல் போன்றவை பொதுவான யூ.எஸ்.பி. பவர் டெலிவரி முறையைப் பயன்படுத்துகின்றன, இதைச் சுருக்கமாகப் பி.டி. என்பார்கள். சாம்சங்கின் 25 வாட் வேகத்துக்குப் பி.டி.யோடு பி.பி.எஸ். என்ற வசதியும் வேண்டும். ஒப்போ, ஒன்பிளஸ், ரியல்மி போன்களுக்குச் சூப்பர்வூக் குடும்பம். விவோ, ஷாவ்மி ஆகியவற்றுக்கு அவரவர் சொந்த முறை. போனோடு வந்த பெட்டியிலோ கம்பெனியின் இணையதளத்திலோ இதைப் பார்த்துக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

மொழி பொருந்தாவிட்டால் ஆபத்து ஒன்றுமில்லை, மெதுவாக ஏறும், அவ்வளவுதான். 15 வாட் வாங்கும் போனில் 65 வாட் சார்ஜரை மாட்டினாலும் பேட்டரி வெடிக்காது. எவ்வளவு வேண்டும் என்று கேட்பது போன்தான், சார்ஜர் திணிப்பதில்லை. தரமான 65 வாட் பி.டி. சார்ஜர் ஒன்று இருந்தால், டைப்-சியில் சார்ஜ் ஆகும் பல லேப்டாப்புகளுக்கும் போனுக்கும் அதுவே போதும்.

படி 2: சார்ஜரின் முதுகைப் படியுங்கள்

வாங்கும்போது நீங்கள் செலவிடும் நேரத்தில் பெரும்பகுதி இங்கேதான் போக வேண்டும். எழுத்து பொடியாக இருக்கும். போன் கேமராவில் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

இன்புட் என்ற வரியில் 100 முதல் 240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி வரும் சார்ஜருக்கு இந்த வரி முக்கியம். 110 அல்லது 120 வோல்ட் மட்டும் போட்டிருந்தால் நம் வீட்டு பிளக்கில் அதைச் செருகவே கூடாது.

அவுட்புட் வரியில் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட் வரும். 9 வோல்ட், 2.77 ஆம்பியர் என்றால் 25 வாட். 5 வோல்ட், 3 ஆம்பியர் என்றால் 15 வாட். அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் 65 வாட் என்று போட்டுவிட்டு, முதுகில் 5 வோல்ட் 3 ஆம்பியர் என்ற ஒரே வரி இருந்தால் அது 15 வாட் சார்ஜர். அட்டையில் பொய் சொல்பவர் உள்ளே என்ன வைத்திருப்பார் என்று யோசியுங்கள். கையில் எடுத்ததை அங்கேயே வைத்துவிடலாம்.

அடுத்தது, ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் போட்ட குறி. இரட்டைக் காப்பு உள்ளது, எர்த் இல்லாமலே பாதுகாப்பாக இயங்கும் என்பது அதன் பொருள். இரண்டு பின் சார்ஜரில் இந்தக் குறி அவசியம் இருக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது பி.ஐ.எஸ். எனப்படும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண். மின்னணுப் பொருள்களுக்கான கட்டாயப் பதிவு ஆணை 2012இல் வந்தது. அடுத்தடுத்து விரிந்த அதன் பட்டியலில் அடாப்டரும் பவர் பேங்கும் உண்டு. சார்ஜரின் முதுகில் ஒரு சிறிய முத்திரை, மேலே ஐ.எஸ். என்று தொடங்கும் தர எண், கீழே ஆங்கில ஆர் எழுத்து, ஒரு கோடு, எட்டு இலக்கம் என்று அச்சிட்டிருக்கும். ஃபேன், அயர்ன் பாக்ஸில் பார்க்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரை வேறு, இது வேறு. சார்ஜரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை மட்டும் பளிச்சென்று இருந்து ஆர் எண் இல்லையென்றால் சந்தேகப்படுங்கள். சி.ஈ. என்ற எழுத்துகளும் பல சார்ஜர்களில் இருக்கும். அது ஐரோப்பியச் சந்தைக்காகத் தயாரிப்பாளர் தானே போட்டுக்கொள்ளும் குறி. நம் ஊர்ப் பதிவுக்கு அது ஈடாகாது.

எண் அச்சிட்டிருப்பது மட்டும் போதாது, யார் வேண்டுமானாலும் எட்டு இலக்கத்தை அச்சடிக்கலாம். அதனால் பி.ஐ.எஸ். கேர் என்ற அரசு செயலியைப் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், இலவசம்தான். அதில் சி.ஆர்.எஸ். எனப்படும் கட்டாயப் பதிவின் கீழ் ஆர் எண்ணைச் சரிபார்க்கும் பகுதியைத் திறந்து எண்ணை இடுங்கள். தயாரிப்பாளர் பெயர், முகவரி, பொருள், பிராண்ட், பதிவு நடப்பில் உள்ளதா என்பதெல்லாம் வரும். இங்கே அவசரப்பட வேண்டாம். போலி தயாரிப்பவர்கள் இன்னொரு கம்பெனியின் உண்மையான எண்ணைக் காப்பியடித்து அச்சிடுவது உண்டு. எண் சரியென்று வரும், ஆனால் பொருள் என்ற இடத்தில் எல்.இ.டி. விளக்கு என்று இருக்கும், அல்லது பிராண்ட் பெயர் முற்றிலும் வேறாக இருக்கும். கையில் உள்ள சார்ஜரின் பிராண்டும், செயலி காட்டும் பிராண்டும், பொருளின் வகையும் மூன்றும் ஒத்துப்போனால்தான் சரி.

கடைக்காரரிடம் சங்கடப்படாமல் கேளுங்கள்: "அண்ணே, ஒரு நிமிஷம், நம்பர் மட்டும் பார்த்துக்கிறேன்." நல்ல சரக்கு வைத்திருப்பவர் அதற்குக் கோபப்பட மாட்டார்.

படி 3: கேபிள்

கேபிளில் ஆர் எண்ணைத் தேட வேண்டாம். அது சார்ஜருக்கும் பவர் பேங்குக்கும் உரியது. கேபிளை வேறு விதமாக எடை போட வேண்டும்.

கேபிளுக்குள் கரண்ட் போக ஒரு கம்பி, திரும்பி வர ஒரு கம்பி. அவற்றின் தடிமனை ஏ.டபிள்யூ.ஜி. என்ற எண்ணால் குறிப்பார்கள். எண் சிறியதாக இருந்தால் கம்பி தடிமன், பெரியதாக இருந்தால் கம்பி மெலிசு. 24 எண் செம்புக் கம்பிக்கு மீட்டருக்குச் சுமார் 0.084 ஓம் மின்தடை. 28 எண் கம்பிக்குச் சுமார் 0.213 ஓம். ஒரு மீட்டர் கேபிளில் போக ஒன்று, வர ஒன்று என்று இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். 3 ஆம்பியர் ஓடும்போது 28 எண் கேபிளில் மட்டும் கிட்டத்தட்ட 1.3 வோல்ட் காணாமல் போகும், நாலு வாட்டுக்குக் கொஞ்சம் குறைவான சூடு கேபிளிலேயே உண்டாகும். 24 எண் கேபிளில் அது ஒன்றரை வாட்தான். சார்ஜரில் 5 வோல்ட் புறப்பட்டு போனுக்கு 3.7 வோல்ட்தான் வந்து சேர்கிறது என்றால் அந்த போன் எப்படிச் சார்ஜ் ஆகும்? "சார்ஜர் போயிடுச்சு" என்று தூக்கிப் போடப்படும் எத்தனையோ சார்ஜர்களின் உண்மையான குற்றவாளி இந்த மெலிந்த கேபிள்தான்.

சில கேபிள்களின் உறையிலேயே இந்த எண்ணை அச்சிட்டிருப்பார்கள். 28/24 என்று இருந்தால் டேட்டா கம்பி 28, கரண்ட் கம்பி 24 என்று பொருள். அச்சிடாதவற்றை வாங்கும்போது நீளத்தைக் குறையுங்கள். கட்டிலுக்கு எட்ட வேண்டும் என்று மூன்று மீட்டர் மலிவுக் கேபிள் வாங்குவது மிக மோசமான தேர்வு, ஏனென்றால் மின்தடையும் மூன்று மடங்காகிவிடுகிறது. ஒரு மீட்டர் போதும்.

செம்புக்குப் பதிலாக, செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பி போடுவதும் நடக்கிறது. அலுமினியம் கரண்டைக் கடத்தும் திறன் செம்பைப்போல் ஐந்தில் மூன்று பங்குதான், வளைத்து வளைத்துப் பயன்படுத்தினால் சீக்கிரம் ஒடியவும் செய்யும். துணி பின்னிய உறை பார்க்க அழகாக இருக்கும், வெளியே தேய்மானத்தையும் தாங்கும். உள்ளே என்ன கம்பி என்பதற்கு அது சாட்சி இல்லை.

இரண்டு முனையும் டைப்-சி ஆக இருக்கும் கேபிளில் விதி தெளிவானது. 3 ஆம்பியர் வரை, அதாவது 60 வாட் வரை, சாதாரணக் கேபிள் போதும். 5 ஆம்பியர் ஓட வேண்டுமானால் கேபிளின் முனைக்குள் இ-மார்க்கர் என்ற அடையாளச் சில்லு இருக்க வேண்டும். அந்தச் சில்லு "நான் தாங்குவேன்" என்று சொன்ன பிறகுதான் சார்ஜர் 5 ஆம்பியரைத் திறக்கும். சாம்சங்கின் 45 வாட் வேகம் வராமல் தவிப்பவர்கள் பெரும்பாலும் 3 ஆம்பியர் கேபிளைத்தான் வைத்திருப்பார்கள். 2021இல் பவர் டெலிவரியின் உச்சம் 240 வாட்டாக உயர்ந்தபோது, சான்று பெற்ற கேபிள்களில் 60 வாட், 240 வாட் என்று அச்சிடும் முத்திரைகளையும் யூ.எஸ்.பி. அமைப்பு கொண்டுவந்தது. அது இருந்தால் நல்லது.

பழைய செவ்வக யூ.எஸ்.பி. முனையிலிருந்து டைப்-சிக்குப் போகும் கேபிளில் ஒரு நுணுக்கம் உண்டு. உள்ளே 56 கிலோ ஓம் மின்தடை ஒன்று வைக்க வேண்டும். "இந்தப் பக்கம் பழைய சார்ஜர், பார்த்து இழு" என்று போனுக்குச் சொல்வது அதுதான். அதற்குப் பதில் 10 கிலோ ஓம் வைத்துவிட்டால் 3 ஆம்பியர் கிடைக்கும் என்று போன் நம்பி, 2 ஆம்பியர் சார்ஜரிலிருந்து அதிகமாக உறிஞ்சும், சார்ஜர் கொதிக்கும். 2015இல் பென்சன் லியூங் என்ற கூகுள் பொறியாளர் அமேசானில் விற்ற டைப்-சி கேபிள்களைத் தானே வாங்கி ஒவ்வொன்றாகச் சோதித்து எழுதத் தொடங்கினார். அடுத்த ஆண்டு உள்ளே கம்பிகளே மாறியிருந்த ஒரு கேபிள் அவருடைய லேப்டாப்பைக் கெடுத்தது. 2016 மார்ச்சில் விதிக்கு உட்படாத டைப்-சி கேபிள்களை விற்க அமேசான் தடை போட்டது. ஒரு தனி மனிதர் பொறுமையாகச் செய்த வேலையால் கோடிக்கணக்கான பேருக்கு நன்மை. அந்த மின்தடை கண்ணுக்குத் தெரியாது என்பதால், நாம் செய்யக்கூடியது பெயருள்ள பிராண்டில் பில்லோடு வாங்குவதுதான்.

சூப்பர்வூக் வகை போன்களுக்கு அந்தக் குடும்பக் கேபிள்தான் வேண்டும். சில மாடல்களில் 6.5 ஆம்பியரும் அதற்கு மேலும் ஓடும் கேபிள் அது, பொதுக் கேபிளில் அந்த வேகம் வராது. ஒன்று போய்விட்டால் கம்பெனி சர்வீஸ் சென்டரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 4: எங்கே வாங்குவது

பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜார், சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் ரிச்சி ஸ்ட்ரீட், வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு, பெரம்பூர், திருவொற்றியூர் என்று நமக்குக் கடைகளுக்குப் பஞ்சமே இல்லை. இந்த இடங்களில் நல்ல சரக்கும் உண்டு, ஃபர்ஸ்ட் காப்பியும் உண்டு. தெருவை வைத்து முடிவு செய்யாமல், கையில் உள்ள பொருளை வைத்து முடிவு செய்யுங்கள்.

கடையில் மூன்று விஷயம் கேளுங்கள். ஜி.எஸ்.டி. பில் தருவீர்களா? அதில் பிராண்டும் மாடலும் எழுதுவீர்களா? எத்தனை மாத வாரண்டி? "பில் போட்டால் விலை ஏறும்" என்று பதில் வந்தால், கேபிளாக இருந்தாலாவது யோசிக்கலாம், சார்ஜராக இருந்தால் வேண்டாம். "ஒரிஜினல்தான்பா, கவர் மட்டும் இல்லை" என்று சொல்லி, பெட்டியில்லாமல் ரப்பர் பேண்ட் போட்டுத் தரும் சார்ஜரும் வேண்டாம். நூறு ரூபாய்க்கு 65 வாட் என்றால், உள்ளே ஒரு நல்ல டிரான்ஸ்ஃபார்மர் வைக்கவே அந்தக் காசு போதாது.

எடையை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. இப்போது அது செல்லாது. காலியம் நைட்ரைடு சில்லு வைத்த நல்ல சார்ஜர்கள் சின்னதாக இருக்கும், போலிகளில் எடைக்காகவே இரும்புத் துண்டு வைப்பதும் உண்டு.

ஆன்லைனில் வாங்கினால் விற்பவர் பெயரைப் பாருங்கள். தளம் பெரியது என்பதற்காக விற்பவரும் நம்பகமானவர் என்று ஆகிவிடாது. பெட்டி வந்ததும் பிரிப்பதற்கு முன்பே ஆர் எண்ணைச் செயலியில் பார்த்துவிடுங்கள், திருப்பி அனுப்ப அப்போதுதான் எளிது.

படி 5: முதல் நாள் சோதனை

இரவு தூங்கும் நேரத்தில் புதுச் சார்ஜரை முதன்முதலாகப் போடாதீர்கள். பகலில், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது, போன் இருபது சதவீதத்துக்குக் கீழே இருக்கும்போது மாட்டுங்கள். அப்போதுதான் முழு வேகத்தில் இழுக்கும்.

அரை மணி நேரம் கழித்துச் சார்ஜரைத் தொடுங்கள். வெதுவெதுப்பு இயல்பு, அதுவும் மே மாதத்தில் கொஞ்சம் அதிகமாகவே இருக்கும். விரலை ஐந்து நொடி வைத்திருக்க முடியாத சூடு என்றால் திருப்பிக் கொடுங்கள். கேபிளின் இரண்டு முனைகளையும் தொட்டுப் பாருங்கள். நடுப்பகுதி குளிர்ச்சியாக இருந்து முனை மட்டும் கொதித்தால் உள்ளே பற்றவைப்பு சரியில்லை. மூக்கில் பிளாஸ்டிக் கருகும் வாடை, மீன் வாடை போன்ற ஏதாவது வருகிறதா என்று கவனியுங்கள்.

பலரும் கவனிக்காத ஓர் அடையாளம்: சார்ஜில் இருக்கும்போது திரையைத் தொட்டால் வேறு இடம் தொட்டதுபோல் துள்ளுகிறதா, டைப் செய்தால் எழுத்து தானாக மாறுகிறதா? கேபிளைப் பிடுங்கியதும் சரியாகிவிடுகிறதா? சார்ஜர் மின் இரைச்சலை வடிகட்டவில்லை என்று அர்த்தம். வடிகட்டிகளில் காசு மிச்சம் பிடித்தவர் காப்பிலும் பிடித்திருக்க வாய்ப்பு அதிகம். அந்தச் சார்ஜரை நான் வீட்டில் வைத்திருக்க மாட்டேன்.

பிளக் பாயிண்ட், மழை, உப்புக் காற்று

நல்ல சார்ஜரை லூஸ் காண்டாக்ட் பிளக்கில் மாட்டினால் பயனில்லை. எல்லா வகைப் பின்னும் நுழையும் மலிவு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் எந்தப் பின்னும் இறுக்கமாக நிற்காது. ஆடும் பின்னுக்கும் தகட்டுக்கும் இடையே பொறி பறந்து பிளாஸ்டிக் கருகும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் பிளக்கிலும் ஒயரிலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், அங்கே அந்த முத்திரைதான் சரியானது. துபாய், சிங்கப்பூரிலிருந்து வந்த மூன்று சதுரப் பின் சார்ஜரைக் கன்வெர்ஷன் பிளக்கில் தொங்கவிடுபவர்கள், அதே கம்பெனியின் இந்தியப் பின் சார்ஜர் ஒன்று வாங்கிவிடுவது நல்லது.

மெயினில் ஆர்.சி.சி.பி. இருந்தால் பெரிய பாதுகாப்பு. 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் நொடியின் சிறு பகுதியில் இணைப்பைத் துண்டித்துவிடும். சார்ஜரின் காப்பு உடைந்து போன் வழியாக உங்கள் உடம்பில் கரண்ட் இறங்கும்போது காப்பாற்றுவது இதுதான். வாடகை வீடாக இருந்தாலும் வீட்டுக்காரரிடம் கேட்டுப் போடச் சொல்லுங்கள்.

திடீரென்று பல்பு அளவுக்கு மீறிப் பிரகாசமாகி, ஃபேன் பறந்தால் நியூட்ரல் அறுந்திருக்கலாம். அப்போது வீட்டுக்குள் வோல்டேஜ் 400 வரைகூட எகிறும், 240 வோல்ட் சார்ஜர் தாங்காது. உடனே மெயினை அணைத்துவிட்டு மின்வாரியப் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987 என்ற எண்ணில் சொல்லுங்கள். கரண்ட் போய்ப் போய் வரும் இரவுகளில் சார்ஜர் ஸ்விட்சை அணைத்து வைப்பதும் நல்ல பழக்கம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எத்தனை வீடுகளில் தண்ணீர் புகுந்தது என்று நமக்குத் தெரியும். தண்ணீரில் மூழ்கிய சார்ஜரை வெயிலில் காயவைத்து மறுபடி பயன்படுத்த வேண்டாம். ஈரம் போய்விடும், ஆனால் அது விட்டுச்சென்ற உப்பும் சேறும் போர்டில் உள்ள அந்த இடைவெளியில் படிந்து, 230 வோல்ட் கடக்க ஒரு பாதை போட்டிருக்கும். கீழ்த்தள வீடுகளில் பிளக் பாயிண்ட்டைத் தரையிலிருந்து நான்கடிக்கு மேலே மாற்றி வையுங்கள்.

காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் போன்ற கடலோர வீடுகளில் உப்புக் காற்று டைப்-சி பின்களைத் தின்றுவிடும். முனைக்குள் பச்சையாகப் பூத்திருந்தாலோ, ஒரு பின் மட்டும் கறுத்திருந்தாலோ அந்தக் கேபிளை மாற்றுங்கள். இல்லாவிட்டால் போனின் போர்ட்டையும் அது கெடுத்துவிடும். போனை அணைத்துவிட்டு, மரத்தாலான பல்குச்சியால் மெதுவாகப் போர்ட்டைச் சுத்தம் செய்யலாம், குண்டூசி வேண்டாம். போர்ட்டில் ஈரம் என்று போன் எச்சரித்தால் அது மறையும் வரை காத்திருங்கள். மீன் வேலை முடித்த ஈரக் கையோடு சார்ஜரைத் தொட வேண்டாம். உப்புத் தண்ணீரில் கரண்ட் எளிதாகப் பாயும்.

தவழும் குழந்தை இருக்கும் வீட்டில், ஸ்விட்ச் போட்ட கேபிளின் முனையைத் தரையில் தொங்கவிடாதீர்கள். எது கிடைத்தாலும் வாயில் வைக்கும் வயது அது. எச்சில் பட்டால் வாயில் புண்ணாகும் அளவுக்கு அந்த 5 வோல்ட்டே போதும். தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் செய்வதும் வேண்டாம், சூடு வெளியே போக வழி இருக்காது. லித்தியம் பேட்டரிக்கு 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏறுவது கெடுதல். தகரக் கூரையின் கீழ் மே மாத மதியம் அந்த எல்லைக்கு வெகு அருகில் இருக்கும். அங்கே இருப்பவர்கள் காலையிலோ இரவிலோ சார்ஜ் போடுங்கள்.

வண்டியில் சார்ஜ் போடுபவர்களுக்கு

ஆட்டோவும் காரும் 12 வோல்ட். துறைமுகத்துக்கு எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசையில் நிற்கும் கன்டெய்னர் லாரிகள் 24 வோல்ட். கார் சார்ஜர் வாங்கும்போது இன்புட்டில் 12 முதல் 24 வோல்ட் வரை என்று போட்டிருக்கிறதா என்று லாரி ஓட்டும் அண்ணன்மார்கள் கட்டாயம் பாருங்கள். 12 மட்டும் போட்டதை லாரியில் மாட்டினால் உள்ளே கெபாசிட்டர் வெடிக்கலாம், போனும் போகலாம். ஆட்டோவில் பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுத்துச் சார்ஜிங் பாயிண்ட் போடும்போது, பேட்டரிக்கு மிக அருகில் ஒரு ஃபியூஸ் போடச் சொல்லுங்கள். ஒயர் எங்காவது தேய்ந்து ஷார்ட் ஆனால் வண்டி தீப்பிடிக்காமல் இருக்க அதுதான் காவல்.

எப்போது கழித்துக்கட்டுவது, எங்கே சொல்வது

உறை பிளந்து கம்பி தெரியும் கேபிளுக்கு இன்சுலேஷன் டேப் சுற்ற வேண்டாம். வெட்டி இரண்டாக்கிப் போடுங்கள், இல்லாவிட்டால் வேறு யாராவது எடுத்து மாட்டுவார்கள். சார்ஜரின் மூடி இடைவெளி விட்டிருந்தாலோ, ஆட்டினால் உள்ளே ஏதாவது உருளும் சத்தம் கேட்டாலோ, பின் ஆடினாலோ அன்றோடு அதை நிறுத்துங்கள். போனின் பின்பக்கம் உப்பியிருந்தால் அது சார்ஜர் விஷயமே இல்லை. பேட்டரி கெட்டுவிட்டது, சார்ஜ் போடாமல் நேராகச் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். உப்பிய பேட்டரியைக் குப்பையில் போட்டால் லாரியிலோ கொடுங்கையூர்க் கிடங்கிலோ நசுங்கித் தீப்பிடிக்கும். மின்கழிவாகத் தனியாகக் கொடுங்கள்.

பில்லோடு வாங்கிய சார்ஜர் மோசமாக இருந்து கடைக்காரர் மாற்றித் தர மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசிப் புகார் பதியலாம். ஆர் எண் போலி என்று தெரிந்தால் பி.ஐ.எஸ். கேர் செயலியிலேயே புகார் பகுதி இருக்கிறது. சார்ஜரின் முதுகு, பெட்டி, பில் மூன்றையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு எழுதுங்கள். இழப்பு பெரிதாக இருந்தால், போன் எரிந்துபோனதுபோல், வட சென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அதற்கும் அந்த மூன்று படங்களும், எரிந்த சார்ஜரும் கையில் இருக்க வேண்டும். அதனால் கோபத்தில் அதைக் குப்பையில் வீசிவிடாதீர்கள்.